தொண்டையில் டியூப் உள்ள பிள்ளையை ஹோம் நர்ஸிடம் விடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பல வாரம் வென்டிலேட்டரில் இருந்ததில் மூச்சுக்குழாய் சுருங்கிப்போனது. கழுத்தில் துளை போட்டு டிரக்கியாஸ்டமி டியூப் வைத்தார்கள். பால் போவது வயிற்றில் வைத்த டியூப் வழியாக. வலிப்புக்கு இரண்டு வேளை மருந்து. இப்போது அவளுக்கு ஆறு வயது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நான்கு வருடமாக ஹோம் நர்ஸ் வருகிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவிலும் போனிலும் மற்ற அம்மாக்கள் என்னிடம் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் நர்ஸ் இல்லை, ஒரு அம்மா. மருந்து, அளவு, டியூப் விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதையே கேளுங்கள்.

பெற்ற பிள்ளையை வேறொருவர் கையில் விட்டுத் தூங்க மனசு வரவில்லை. எல்லோருக்கும் இப்படித்தானா?

எனக்கு அப்படித்தான் இருந்தது. நம் பிள்ளைகள் விஷயத்தில் இந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. டிரக்கியாஸ்டமி உள்ள பிள்ளைகள் பலருக்கு அழுதால் சத்தம் வராது. காற்று குரல்வளைக்குப் போகாமல் கழுத்துத் துளை வழியாகவே வெளியே போய்விடும். என் மகள் அழுவதை முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அடுத்த அறையில் இருந்தால் ஒன்றும் கேட்காது. அதனால் நர்ஸிடம் பிள்ளையை விடுவது என்றால், அவர் கண் அவள்மேல் இருக்கும் என்று நம்புவதுதான்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் பதினொரு மாதம் நானும் என் கணவரும் மாறி மாறி விழித்திருந்தோம். அவர் வேலைக்குப் போகிறவர், அதனால் இரவு பெரும்பாலும் என் பொறுப்புதான். ஒரு நாள் விடியற்காலை, சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் டியூபைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிட்டேன். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் அலாரம் அடித்துத்தான் விழித்தேன். சளி அடைத்து அவள் உதடு நீலமாகத் தொடங்கியிருந்தது. நான் ஒருத்தி மட்டும் காவல் இருப்பது அவளுக்குப் பாதுகாப்பு இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த வாரமே ஆள் தேடத் தொடங்கினோம்.

ஹோம் நர்ஸ் என்று வருகிறவர்கள் எல்லோரும் நர்ஸ் படித்தவர்களா?

இல்லை. நம் மாவட்டத்திலும் எல்லை தாண்டிக் கேரளத்திலும், வீட்டில் தங்கி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் யாரையும் ஹோம் நர்ஸ் என்றே சொல்லிவிடுகிறோம். அதில் பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம் படித்தவரும் இருப்பார், ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) முடித்தவரும் இருப்பார், ஏ.என்.எம். (துணை நர்ஸ் பயிற்சி) முடித்தவரும் இருப்பார். சில வாரப் பயிற்சி மட்டும் எடுத்தவரும் இருப்பார். வயதானவரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்ட இந்தக் கடைசி வகை ஆளே போதும், பல பேர் மிக நன்றாகவே செய்வார்கள். தொண்டையில் டியூப் உள்ள பிள்ளைக்கு அது போதாது.

ஏஜென்சியிடம் நேராகக் கேளுங்கள்: என்ன படிப்பு, கவுன்சிலில் பதிவு இருக்கிறதா? தமிழ்நாட்டில் படித்தவர் என்றால் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். திருவனந்தபுரம் பக்கம் படித்தவர் நம் ஊரில் நிறைய உண்டு, அவர்களுக்குக் கேரள கவுன்சில் பதிவு இருக்கலாம். நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் பற்றிய சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்க வழி உண்டு. அதைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். நல்ல நர்ஸ் யாரும் இதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

சான்றிதழ் இருந்தாலும் பிள்ளைகளுக்கு டிரக்கியாஸ்டமி பார்த்த அனுபவம் தனி. குழந்தைகள் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தவர் கிடைத்தால் விடாதீர்கள்.

அவருக்கு வேலை தெரியும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

செய்யச் சொல்லிப் பாருங்கள். "சக்ஷன் தெரியுமா?" என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்றுதான் சொல்வார்கள். நான் முதல் மூன்று நாள் நானே எல்லாவற்றையும் செய்து, அவரைப் பார்க்கச் சொல்வேன். அடுத்த மூன்று நாள் அவர் செய்வார், நான் பக்கத்தில் நிற்பேன். அதற்குப் பிறகுதான் அடுத்த அறை.

அந்த நாட்களில் சில விஷயங்களைக் கவனிப்பேன். டியூபைத் தொடும் முன் சொல்லாமலே கை கழுவுகிறாரா? சக்ஷன் டியூபை அளந்து வைத்த நீளத்துக்கு மேல் உள்ளே விடுகிறாரா? பத்து விநாடிக்குள் வெளியே எடுத்துவிடுகிறாரா? சளியின் நிறத்தைப் பார்க்கிறாரா, பார்க்காமல் கொட்டிவிடுகிறாரா? கழுத்து நாடாவுக்கு அடியில் ஒரு விரல் நுழையும் அளவு இடம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறாரா? பால் கொடுக்கும்போது தலையணைப் பக்கத்தை உயர்த்துகிறாரா? செய்வதைப் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே செய்கிறாரா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம். எனக்கு அதுதான் பெரிது. "மக்களே, இப்போ கொஞ்சம் இழுக்கும், உடனே முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுச் செய்கிறவர், அவளை ஆளாகப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

டியூப் வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை வாயால் கேட்டால் போதாது. நாங்கள் பழைய டியூப் ஒன்றையும் ஒரு பொம்மையையும் வைத்துப் பழகுவோம். கட்டில் தலைமாட்டில் ஒரு பை எப்போதும் தொங்கும்: அதே அளவில் ஒரு டியூப், ஒரு அளவு சின்னதில் ஒன்று, நாடா, கத்தரிக்கோல், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக். பை எங்கே என்று கண்ணை மூடிக் கைநீட்டத் தெரிய வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை நானும் என் கணவரும் அவரும் மூன்று பேரும் செய்து பார்ப்போம். அவரை மட்டும் சோதிப்பது போல் ஆகக்கூடாது என்பதற்காக நாங்களும் சேர்ந்துகொள்கிறோம்.

இரவில் தூங்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பகலில் ஒரு வீட்டில் வேலை பார்த்துவிட்டு இரவு உங்கள் வீட்டுக்கு வருகிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். 24 மணி நேர டூட்டிக்கு ஒரே ஆளை அனுப்பும் ஏஜென்சிகள் உண்டு. அப்படி என்றால் அவர் தூங்கத்தான் செய்வார். தூங்காமல் எப்படி இருக்க முடியும்? நாங்கள் இரவு எட்டு முதல் காலை ஆறரை வரைதான் வைத்துக்கொள்கிறோம்.

இரவு இரண்டு மணிக்குக் கட்டன் காபி போட எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் நான் படுப்பேன். தூக்கம் வந்தால் என்னைக் கூப்பிடலாம், திட்ட மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். அரை மணி நேரம் நான் உட்கார்ந்தேன், அவர் கண்ணயர்ந்தார்.

கேமரா வைக்கலாமா?

வைக்கலாம், சொல்லிவிட்டு வையுங்கள். ஒளித்து வைத்தால் என்றாவது தெரியும், தெரிந்த நாளில் நல்லவரும் போய்விடுவார். அவர் உடை மாற்றும் இடத்தில் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. எங்கள் வீட்டில் கட்டிலைப் பார்த்து ஒன்று இருக்கிறது. முதல் ஒரு மாதம் இரவெல்லாம் அடுத்த அறையில் போனில் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நர்ஸும் விழித்திருந்தார், நானும் விழித்திருந்தேன். யாருக்கு என்ன பிரயோஜனம்?

யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்பதற்கு ஏதாவது அடையாளம் உண்டா?

இரண்டு நர்ஸ்கள் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் வந்தவர் ரொம்பச் சுத்தம், நேரம் தவறமாட்டார், எழுத்து முத்து முத்தாக இருக்கும். மணிக்கு ஒரு முறை சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்பது) எழுதச் சொல்லி ஒரு நோட்டு கொடுத்திருந்தேன். ஒரு இரவு முழுக்க 98, 98, 98 என்று எழுதியிருந்தார். அன்று காலை மகளின் முகம் வாடியிருந்தது. ஆக்ஸிமீட்டரில் பழைய பதிவைப் பார்த்தேன். இரண்டே முக்காலுக்கு 84 வரை இறங்கி ஏறியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பதிவே இல்லை, விரலில் மாட்டுவது கழன்று கிடந்திருக்கிறது. கேட்டேன். "ஒண்ணும் இல்லக்கா, எல்லாம் நார்மலாத்தான் இருந்துது" என்றார். அன்றைக்கே நிறுத்திவிட்டோம். இறங்கியது அவர் குற்றம் இல்லை, நான் பார்க்கும்போதும் இறங்கியிருக்கிறது. அதை மறைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்தவர் வந்து மூன்றாவது மாதம். காலை ஆறு மணிக்கு வலிப்பு மருந்தை நான் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். நோட்டில் எழுதவில்லை. அவர் நோட்டைப் பார்த்தார், எழுதியிருக்கவில்லை, கொடுத்துவிட்டார். பிறகு கழுவி வைத்த சிரிஞ்சைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. குளியலறைக் கதவைத் தட்டினார். "அக்கா, மருந்து நீங்க குடுத்துட்டீங்களா? நானும் குடுத்துட்டேன். இப்பவே டாக்டரக் கூப்பிடுங்க." கை நடுங்கியது அவருக்கு. டாக்டர் கொண்டுவரச் சொன்னார். ஆறு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். தூக்கக் கலக்கம் தவிர ஒன்றும் ஆகவில்லை.

வீட்டில் எல்லோரும் அவரை நிறுத்தச் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. தப்பு பாதி என்னுடையது. அவர் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வேலை போகும் என்று தெரிந்தும் கதவைத் தட்டினாரே, அந்த நிமிஷத்தில்தான் நான் அவரை நம்பத் தொடங்கினேன். அதற்குப் பிறகும் அவர் நோட்டில் 97, 95, 98, "விரலில் இருந்து கழன்றது, மாட்டினேன்", "3.10க்கு 91, சக்ஷன், கட்டிச் சளி, 97" என்று கிறுக்கலாக இருக்கும். ஒரே மாதிரி எண்ணைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு கலங்கும்.

அதனால் கேட்கிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்: நர்ஸ் தன் தப்பை உங்களிடம் வந்து சொல்லும்படி உங்கள் வீடு இருக்க வேண்டும். முதல் தடவை சொல்லும்போது நீங்கள் கத்தினால் இரண்டாவது தடவை சொல்ல மாட்டார்.

மாமியார் சொல்வது ஒன்று, நர்ஸ் சொல்வது ஒன்று. யார் பக்கம் நிற்பது?

எங்கள் வீட்டில் சாம்பிராணியில்தான் சண்டை தொடங்கியது. தலைக்குக் குளிப்பாட்டினால் புகை காட்டாவிட்டால் சளி பிடிக்கும் என்பது என் மாமியாரின் உறுதி. அவர் வளர்த்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அப்படித்தான் செய்தார். ஆனால் டியூப் உள்ள பிள்ளைக்குக் காற்று மூக்கு வழியாக வடிகட்டி, ஈரமாகி உள்ளே போவதில்லை. நேராக நுரையீரலுக்குப் போகிறது. சாம்பிராணி, கொசுவர்த்தி, ஊதுபத்தி, டால்கம் பவுடர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. நர்ஸ் தடுத்தார். "நேத்து வந்தவ எனக்குப் படிச்சுத் தாறாளா?" என்று மாமியார் அழுதுவிட்டார்.

இதில் நர்ஸை முன்னால் தள்ளிவிட்டு நாம் பின்னால் நிற்கக் கூடாது. சொல்ல வேண்டியது நான், அல்லது என் கணவர். அடுத்த செக்கப்புக்கு மாமியாரையும் கூட்டிப்போனோம். டாக்டர் படம் வரைந்து காட்டினார். இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் பவுடர் பூசிக்கொண்டு வந்தால் வாசலிலேயே நிறுத்துவது அவர்தான். நல்லெண்ணெய் தேய்த்துக் கால் நீவிவிடுவது மாமியாரின் வேலை. அதை நர்ஸ் தொடுவதில்லை.

நர்ஸ் சொல்வதை எப்போது என் எண்ணத்துக்கு மேலாக எடுத்துக்கொள்வது?

அவர் "இண்ணைக்கு பிள்ளைக்க மூச்சு வேற மாதிரி இருக்கு" என்று சொன்னால், எண் நன்றாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை நான் அலட்சியம் செய்தேன். சாச்சுரேஷன் 96 இருந்தது, காய்ச்சல் இல்லை. சளியில் லேசாக நாற்றம் இருக்கிறது, டாக்டரிடம் பேசுங்கள் என்றார். நாளைக்குப் பார்ப்போம் என்றேன். மறுநாள் இரவு 103 டிகிரி காய்ச்சலோடு அட்மிட் செய்தோம். ஒரு வார ஆஸ்பத்திரி. அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை.

அதே போல, நீங்கள் பார்த்ததை அவர் தட்டிக்கழித்தால் விடாதீர்கள். பிள்ளையின் முகம் உங்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

மின்சாரம் போனால்?

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. காற்றடித்தால் ரப்பர் மரம் விழும், லைன் அறும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். அப்போது என் மகள் பிறக்கவில்லை. ஆனால் அவள் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வருமுன் நாங்கள் முதலில் நினைத்தது அந்த நாட்களைத்தான்.

இன்வெர்ட்டர், பேட்டரியில் ஓடும் சக்ஷன் மெஷின், அதற்கும் மேலாகக் காலால் மிதிக்கும் சக்ஷன் பம்ப் ஒன்று வைத்திருக்கிறோம். நர்ஸ் அதை இருட்டில் ஓட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். விளக்கை அணைத்துப் பழக்குங்கள். மழை எச்சரிக்கை வந்தால் அன்று டூட்டிக்குச் சீக்கிரமே வரச்சொல்லி, அடுத்தவர் வந்து சேரும் வரை தங்க முடியுமா என்று கேட்டுக்கொள்வோம். அதற்குத் தனியாகப் பணம் கொடுத்துவிட வேண்டும்.

அவசரத்தில் நான் வீட்டில் இல்லை என்றால் அவர் தனியாகச் சமாளிப்பாரா?

அவர் யோசிக்க வேண்டிய நிலை வரக்கூடாது. கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். பிள்ளையின் எடை, டியூப் அளவு, மருந்துகள், டாக்டர் எண், 108ஐக் கூப்பிட்டால் சொல்ல வேண்டிய இரண்டு வரி, வீட்டுக்கு வழி. எங்கள் ஊரில் ஒரே பெயரில் மூன்று விளை (சின்னக் குடியிருப்பு) இருக்கிறது. ஆம்புலன்ஸ் ஒரு முறை வேறு விளைக்குப் போய்விட்டது, அதனால் சர்ச், பால் சொசைட்டி இரண்டையும் அடையாளமாக எழுதி வைத்தோம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதையும் முன்பே டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியா, திருவனந்தபுரமா என்று அந்த நேரத்தில் வாசலில் நின்று விவாதிக்க முடியாது. வண்டியில் பிள்ளைக்குப் பக்கத்தில் நர்ஸ்தான் உட்கார வேண்டும். அப்பாவோ அம்மாவோ முன்னால் உட்காரலாம்.

சாப்பாடு, லீவு, பேச்சு எல்லாம் எப்படி வைத்துக்கொள்வது?

நாம் சாப்பிடுவதை, நாம் சாப்பிடும் தட்டில் கொடுங்கள். தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன என்று நர்ஸ்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிள்ளையின் உயிரைத் தொடலாம், டம்ளரைத் தொடக்கூடாதா? மனசு கொதிக்கிறது. அவர் என்ன சாதி, எந்தச் சர்ச், எந்தக் கோயில் என்பது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்.

லீவை மாதத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, கிறிஸ்துமஸ் இரவு, பொங்கல், ஓணம், அவர் பிள்ளையின் ஸ்கூல் ஆண்டு விழா. அந்த நாட்களுக்கு மாற்று ஆள் இல்லை என்றால் நாங்களே விழித்திருப்போம். சம்பளம் ஒன்றாம் தேதி. ஏஜென்சி அதில் எவ்வளவு பிடிக்கிறது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கொடுப்பதில் பாதிதான் அவர் கைக்குப் போகிறது என்றால் அவர் நீண்ட நாள் நிற்க மாட்டார்.

அரசு உதவி ஏதாவது கிடைக்குமா?

நர்ஸ் சம்பளத்தைக் கட்டும் அளவுக்குக் கிடைக்காது. ஆனாலும் விடாதீர்கள். முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான யூ.டி.ஐ.டி. அட்டை. அது இருந்தால், கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு நிராமயா காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிக்கு வீட்டுக்கே வருகிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எதைப் பார்த்தால் உடனே நிறுத்த வேண்டும்?

அடித்தால். அலாரத்தை அணைத்து வைத்தால். காரணம் சொல்ல முடியாத காயம், தழும்பு இருந்தால். அவரைப் பார்த்ததும் பிள்ளை உடம்பை விறைத்துக்கொண்டால். அன்றிரவே நிறுத்துங்கள், மாற்று ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளைக்குக் கொடுமை நடந்திருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள். ஏஜென்சி சமாதானம் பேசும், கேட்காதீர்கள்.

பிள்ளை என்னைவிட அவரிடம் அதிகம் சிரிக்கிறாள். வலிக்கிறது.

வலிக்கத்தான் செய்யும். எனக்கும் வலித்தது. ஒரு நாள் நான் கூப்பிட்டபோது திரும்பாதவள், அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் வாசலைப் பார்த்துச் சிரித்தாள். அடுப்படியில் போய் அழுதேன். ஆனால் அன்றிரவு ஏழு மணி நேரம் தூங்கினேன். காலையில் எழுந்து போனபோது என்னிடம் பொறுமை இருந்தது, அவளோடு விளையாட முடிந்தது. அதுவரை அவளுக்கு நான் சக்ஷன் போடுகிறவளாகவும் மருந்து கொடுக்கிறவளாகவும் மட்டுமே இருந்தேன். இப்போது அவளுக்கு ஆனைக் கதை சொல்லும் அம்மாவாகவும் இருக்கிறேன்.

பழகிய நர்ஸ் விட்டுப்போனால் என்ன செய்வது?

போவார்கள். நம் ஊர் நர்ஸ்களுக்கு வளைகுடாவில் வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகும், அவர்கள் வீட்டிலும் நோய் வரும். கதவைத் தட்டிய எங்கள் சிஸ்டரும் போன வருடம் வெளிநாடு போனார். இரண்டு மாதம் முன்பே சொன்னார். கடைசி ஒரு வாரம் புது நர்ஸும் அவரும் சேர்ந்து டூட்டி பார்த்தார்கள், இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுத்தோம். அந்த வாரச் செலவை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

நான் ஒரு நோட்டு நிறைய எழுதிக் கொடுத்திருந்தேன், எதுவும் விட்டுப்போகவில்லை என்று நினைத்துக்கொண்டுதான். கடைசி இரவு சிஸ்டர் புதியவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை வாசலில் நின்று கேட்டேன். "ராத்திரி ரெண்டு மணிக்கு மேல முழிச்சா சக்ஷனுக்கு ஓடாண்டாம். வலது காதுக்குப் பின்னால விரலால மெதுவா தடவிக் குடுங்க. அவளே திரும்பிப் படுத்துக்குவா." அது எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பிறகு நானும் அப்படித்தான் செய்கிறேன்.